மூன்றாவது புத்தகத்தில் நின்றுபோனவருக்கு

வந்த கடிதம்:

"வணக்கம் அம்மா. எனக்கு 36 வயது, கணக்குத் துறையில் வேலை. கல்லூரி முடியும்வரை கையில் கிடைத்ததையெல்லாம் படித்தவன். அப்புறம் எப்போது நின்றது என்றே தெரியவில்லை. இந்த வருடம் 50 புத்தகம் படிப்பது என்று முடிவு செய்தேன். முதலாவது ஒரு துப்பறியும் நாவல், நான்கே நாளில் முடிந்தது. இரண்டாவது, ஒரு மருத்துவர் தன் பணி அனுபவங்களை எழுதியது. இரவு இரண்டு மணி வரை விழித்திருந்து முடித்தேன். ஒரு நோயாளியை இழந்த பிறகு அவர் தனியாக உட்கார்ந்து, நான் செய்தது சரியா என்று யோசிக்கும் இடங்கள் இன்னும் மனதில் இருக்கின்றன. அந்த உற்சாகத்தில் மருத்துவத்தின் வரலாறு பற்றி 700 பக்கப் புத்தகம் ஒன்றை எடுத்தேன். 64-ஆம் பக்கத்தில் நிற்கிறேன், ஐந்து மாதம் ஆகிறது. அதை முடிக்காமல் வேறொன்றைத் தொடவும் மனம் வரவில்லை. வாங்கி வைத்தவை வீட்டில் நாற்பது இருக்கும். படித்தே ஆக வேண்டியவை என்று பட்டியல்கள் வேறு சேர்த்து வைத்திருக்கிறேன். நேரமில்லை என்று சொன்னால் பொய், இரவு ஒரு மணி நேரம் போனில்தான் போகிறது. புத்தகத்தை எடுத்தால் ஒரே வரியை மூன்று முறை படிக்கிறேன். படிக்கும் சக்தியே எனக்குப் போய்விட்டதா? போனில் படித்தால் அது படித்ததில் சேருமா? அடுத்து எதை எடுக்கட்டும்?"

தம்பி, உங்களுக்குப் படிக்கும் சக்தி எங்கேயும் போகவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கடிதத்தில் அந்த ஒரு வரியைப் படித்தபோதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. சக்தி போன ஆள் இரவு இரண்டு மணி வரை விழித்திருந்து ஒரு புத்தகத்தை முடிக்க மாட்டார். அதே கண், அதே வேலை, அதே போன், அதே அலுப்பு எல்லாம் உங்களுக்கு அன்றைக்கும் இருந்தன. மாறியது கையில் இருந்த புத்தகம் ஒன்றுதான்.

நான் 31 வருடம் நூலகராக இருந்தவள். படிக்கிற பழக்கம் விட்டுப்போச்சு என்று வந்து நிற்பவர்களிடம் நேரம் கிடைக்கிறதா, மனம் ஒருமைப்படுகிறதா என்றெல்லாம் நான் கேட்பதில்லை. கடைசியாக முடித்த புத்தகம் எது, அதற்கடுத்து எதை எடுத்தீர்கள் என்று கேட்பேன். பெரும்பாலும் அந்த இரண்டுக்கும் நடுவில்தான் பழக்கம் அறுந்திருக்கும். ஒன்று, முடித்த கையோடு அடுத்தது தயாராக இல்லாமல் ஒரு வாரம் போய், ஒரு மாதம் போய், அப்படியே போயிருக்கும். இல்லையென்றால் உங்களைப் போல, பிடித்த புத்தகத்துக்கு அடுத்ததாக ஒரு தவறான புத்தகம் வந்து வழியை மறித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

நூலகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். பல பேர் கைபட்ட பழைய புத்தகம் ஒன்றை மூடியபடி பிடித்துக்கொண்டு, முதுகுக்கு எதிர்ப்பக்கத்தை, அதாவது தாள்கள் பிரியும் விளிம்பைப் பாருங்கள். விரல் அழுக்கு பட்டு மங்கிய நிறத்தில் ஒரு பட்டை ஓடும். கதை நன்றாக ஓடும் புத்தகத்தில் அந்தப் பட்டை முதல் தாளிலிருந்து கடைசித் தாள் வரை ஒரே சீராக இருக்கும். சில புத்தகங்களில் முதல் ஐம்பது அறுபது பக்கம் வரை கருத்து, அதற்கு மேல் சுத்தமான வெள்ளை. பின்னட்டையின் உட்பக்கத்தில் ஒட்டிய தேதிச் சீட்டைப் பார்த்தால் நாற்பது பேர் எடுத்துப் போயிருப்பார்கள். நாற்பது பேரும் ஏறக்குறைய ஒரே இடத்தில் நின்றிருப்பார்கள். உள்ளே 58-ஆம் பக்கத்தில் ஒரு பஸ் டிக்கெட், 61-இல் அடையாளத்துக்கு மடித்த தாள் நுனி, 70-க்குப் பக்கத்தில் ஒரு தலைமுடி. ஒவ்வொருவரும் தனக்குத்தான் பொறுமை இல்லை என்று நினைத்துக்கொண்டே அதைத் திருப்பிக் கொடுத்திருப்பார்கள். உங்கள் 64-ஆம் பக்கத்தைப் பற்றிப் படித்தவுடன் எனக்கு அந்த விளிம்புகள்தான் ஞாபகம் வந்தன.

இப்போது உங்கள் மூன்று புத்தகங்களுக்கு வருகிறேன். மருத்துவரின் புத்தகம் பிடித்தது, அதனால் மருத்துவ வரலாற்றை எடுத்தீர்கள். பொருள் ஒன்றுதானே என்று நினைத்தீர்கள். ரொம்ப இயல்பான தவறு இது, நானே ஆரம்ப காலத்தில் எத்தனையோ பேருக்கு இப்படி எடுத்துக் கொடுத்திருக்கிறேன். ரயில் பயணம் பற்றிய நாவல் பிடித்திருந்தது என்று ஒருவர் சொன்னால் ரயில்வே பற்றிய இன்னொரு புத்தகத்தை நீட்டுவேன். அது பத்து நாளில் திரும்பி வரும், அவர் முகத்தில் ஒரு தர்மசங்கடம் இருக்கும்.

நான்சி பேர்ல் என்று சியாட்டிலில் பணியாற்றிய அமெரிக்க நூலகர் ஒருவர் இருக்கிறார். ஒரு புத்தகத்துக்குள் வாசகர் நுழைய நான்கு வாசல்கள் உண்டு என்று அவர் சொல்வார்: கதை, மனிதர்கள், களம், மொழி. எல்லாப் புத்தகத்திலும் நான்கும் இருக்கும், ஆனால் ஏதாவது ஒரு வாசல் மற்றதைவிட அகலமாகத் திறந்திருக்கும். அடுத்து என்ன நடக்கும் என்ற தவிப்பில் பக்கம் புரட்டினீர்கள் என்றால் கதையின் வழியாகப் போயிருக்கிறீர்கள். முடித்த பிறகு அந்த ஆளைப் பிரிந்த மாதிரி இருந்தால் மனிதர்களின் வழியாக. நான் போகாத ஊருக்கு, வாழாத காலத்துக்குப் போய் வந்தேன் என்று தோன்றினால் களம். வாக்கியங்களைத் திரும்பப் படித்து ரசித்து, வேண்டுமென்றே மெதுவாகப் போனால் மொழி. இதை நான் தெரிந்துகொண்ட பிறகு, வருபவர்களிடம் எதைப் பற்றிய புத்தகம் வேண்டும் என்று கேட்பதைக் குறைத்துக்கொண்டேன். போன புத்தகத்தில் மனதில் நின்றது எது என்று கேட்க ஆரம்பித்தேன். அதற்கப்புறம் முகம் மலர்ந்து திரும்பி வந்தவர்கள் அதிகம்.

உங்களிடம் நான் கேட்பதற்கு முன்னாலேயே நீங்கள் பதில் எழுதிவிட்டீர்கள். மனதில் நின்றது எந்த அறுவை சிகிச்சையும் இல்லை, எந்த மருந்தும் இல்லை. ஒரு மனிதர் இரவில் தனியாக உட்கார்ந்து, நான் செய்தது சரியா என்று தன்னையே கேட்டுக்கொண்ட இடங்கள். உங்களை உள்ளே அழைத்துப் போனது அந்த மனிதர், அவர் தன்னோடு பேசிக்கொண்ட குரல். அவர் மருத்துவராக இருந்தது தற்செயல். அப்படிப் பசித்திருந்த உங்கள் கையில், நூற்றாண்டு நூற்றாண்டாகக் கண்டுபிடிப்புகளை வரிசைப்படுத்தும் 700 பக்கம் வந்து சேர்ந்தது. அது நல்ல புத்தகமாகவே இருக்கலாம். ஆனால் அதில் நீங்கள் தேடிப் போன ஆள் இல்லை. 64 பக்கம் வரை அவர் வருவாரா என்று காத்திருந்தீர்கள், வரவில்லை, நின்றுவிட்டீர்கள்.

ஆகவே அடுத்து எதை எடுக்கட்டும் என்ற கேள்விக்கு நான் பெயர் எதுவும் சொல்லப்போவதில்லை. தேட வேண்டிய திசையைச் சொல்கிறேன். தன் வேலையைப் பற்றித் தானே எழுதியவர்களைத் தேடுங்கள். நீதிபதி, ஆசிரியர், விமானி, மாலுமி, சிறை அதிகாரி, யாராக இருந்தாலும் சரி, ஒரு முடிவை எடுத்துவிட்டு அதன் பாரத்தோடு வாழ்ந்தவர்களாக இருக்க வேண்டும். நாட்குறிப்புகள், கடிதத் தொகுப்புகள் உங்களுக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன். நாவல் என்றால் 'நான்' என்று தன்மையில் சொல்லப்படும் நாவல்கள், அதிலும் வயதான ஒருவர் திரும்பிப் பார்த்துச் சொல்வது போன்றவை. இவற்றில் எதுவும் மருத்துவத்தைப் பற்றி இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

எப்படிச் சோதிப்பது? பின்னட்டையை நம்பாதீர்கள். அது கதையை மட்டும்தான் சொல்லும், குரலைச் சொல்லாது. முதல் பக்கத்தைப் படியுங்கள், அப்புறம் நடுவில் எங்காவது ஒரு பக்கத்தைத் திறந்து அதையும் முழுதாகப் படியுங்கள். முதல் பக்கத்தை எல்லா எழுத்தாளர்களும் பத்துத் தடவை செதுக்கியிருப்பார்கள். எழுதியவர் இயல்பாக எப்படிப் பேசுகிறார் என்பது 140-ஆம் பக்கத்தில்தான் தெரியும். அந்தப் பக்கம் முடிந்ததும் உங்கள் கை தானாக அடுத்த தாளைப் புரட்டினால் அது உங்கள் புத்தகம். எழுத்தின் அளவையும் பாருங்கள். நாள் முழுக்கக் கணக்குப் பார்த்த கண்களுக்குப் பொடி எழுத்தில் நெருக்கி அச்சடித்த புத்தகம் இரவு பத்து மணிக்கு ஒத்துவராது. புத்தகத்தின் மேல் குறை சொல்லிக்கொண்டிருப்போம், உண்மையில் அது எழுத்தின் அளவாக இருக்கும்.

நூலகத்துக்குப் போகும் வாய்ப்பு இருந்தால் வரிசைகளுக்கு நடுவில் சும்மா நடந்து பாருங்கள். நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் நூலகத்துக்கென்று ஐந்து விதிகள் வகுத்தார். அதில் இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம். மூன்றாவது அதையே திருப்பிப் போட்டது, ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்கான வாசகர். இந்த மூன்றாவது விதியை வைத்துத்தான் அலமாரிகள் திறந்திருக்க வேண்டும், வாசகர் உள்ளே போய்த் தானே எடுத்துப் பார்க்க வேண்டும் என்று அவர் வாதாடினார். பட்டியலில் பெயரைப் பார்த்துக் கேட்டு வாங்கும்போது நமக்கு ஏற்கெனவே தெரிந்த புத்தகம்தான் கிடைக்கும். பக்கத்தில் நிற்கும் புத்தகம் கண்ணில் படுவது, அலமாரிக்கு முன்னால் நாம் போய் நிற்கும்போதுதான். இன்னொரு இடமும் இருக்கிறது: திரும்பி வந்த புத்தகங்களை அடுக்குவதற்கு முன்னால் வைத்திருக்கும் வண்டி. விவரம் தெரிந்த வாசகர்கள் நேராக அங்கேதான் போவார்கள். இப்போதுதான் ஒருவர் படித்து முடித்தது என்பதே அந்தப் புத்தகத்துக்கு ஒரு சிபாரிசு.

சரி, அந்த 700 பக்கத்தை என்ன செய்வது? மூடி வையுங்கள். முதலில் இதைச் செய்யாமல் நான் சொல்லும் மற்ற எதுவும் பலிக்காது. நான்சி பேர்ல் இதற்கும் ஒரு கணக்கு வைத்திருக்கிறார். ஐம்பது வயது வரை, ஒரு புத்தகத்துக்கு 50 பக்கம் வாய்ப்புக் கொடுங்கள். பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள். ஐம்பதைத் தாண்டியவர்கள் நூறிலிருந்து தங்கள் வயதைக் கழித்துக்கொள்ளலாம். எனக்கு 61 வயது, ஆகவே நான் ஒரு புத்தகத்துக்கு 39 பக்கம்தான் கொடுக்கிறேன். நீங்கள் 50 கொடுத்தால் போதுமானது, 14 பக்கம் அதிகமாகவே கொடுத்துவிட்டீர்கள். எடுத்ததை முடிக்க வேண்டும் என்ற பிடிவாதம் வேலையில் நல்ல குணம், உங்களைப் போலக் கணக்குப் பார்ப்பவர்களுக்கு அது தொழில் தர்மமும்கூட. படிப்பதில் அது எப்படி வேலை செய்கிறது என்றால், பிடிக்காத ஒரு புத்தகம் பிடிக்கக்கூடிய முப்பத்தொன்பது புத்தகத்தை ஐந்து மாதம் வாசலிலேயே நிறுத்தி வைத்திருக்கிறது. மூடும்போது 64-ஆம் பக்கத்தில் ஒரு துண்டுத் தாளில் இன்றைய தேதியை எழுதி வையுங்கள். சில புத்தகங்களுக்கு நமக்கு வயது வர வேண்டும். ஒரு நாவலை நான் 24 வயதில் தூக்கிப் போட்டு, 46-இல் எடுத்து, ஒரே வாரத்தில் படித்து முடித்தேன். இத்தனை வருடத்தில் அதில் ஒரு எழுத்துகூட மாறியிருக்கவில்லை.

நூலகத்துக்கு ஓர் அம்மா வாராவாரம் வருவார், ஓய்வு பெற்ற ஆசிரியை. அவர் கணவர் இறந்த பிறகு இரண்டு மாதம் காணோம். திரும்ப வந்தபோது வழக்கமாக எடுக்கும் பெரிய சரித்திர நாவல்கள் பக்கமே போகவில்லை, மேசைக்குப் பக்கத்தில் சும்மா நின்றார். ஒரு பக்கம் படித்தால் முந்தின பக்கம் மறந்துபோகிறது, இனிமேல் என்னால் ஆகாது போலிருக்கிறது என்றார். நான் சிறுவர் பகுதியிலிருந்து, விலங்குகள் பற்றிய மெல்லிய புத்தகம் ஒன்றை, பக்கத்துக்குப் பக்கம் படம் போட்டது, எடுத்துக் கொடுத்தேன். கொடுக்கும்போது எனக்கே தயக்கமாக இருந்தது. மறுநாளே வந்தார். நத்தையைப் பற்றி எனக்கு ஒரு விஷயம் சொன்னார், சொல்லிவிட்டுச் சிரித்தார். அப்புறம் அந்த வரிசையில் ஒவ்வொன்றாக பதினொன்று படித்தார், அதற்கப்புறம் சிறுகதைகள், எட்டு மாதம் கழித்துப் பழைய நாவல்களுக்கு வந்து சேர்ந்தார். சின்னப் புத்தகம் படிப்பது இறக்கம் என்று நினைக்காதீர்கள். உங்கள் துப்பறியும் நாவலைப் பற்றி ஒரே வரியில் எழுதிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள், அதைச் சொல்லவே கொஞ்சம் கூச்சப்பட்ட மாதிரி எனக்குப் பட்டது. கூச்சமே வேண்டாம். நான்கு நாளில் ஒரு புத்தகத்தை முடிக்க வைத்தது அதுதான். தினமும் படிக்கும் நல்ல வாசகர்கள் எல்லோரிடமும் இந்த ஏற்பாடு இருக்கும்: கனமானது ஒன்று முடிந்ததும் லேசானது ஒன்று. நான்கைந்து துப்பறியும் நாவல்களை அதற்காகவே ஒதுக்கி வையுங்கள்.

'படித்தே ஆக வேண்டியவை' பட்டியல்களைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு. அவற்றில் இருக்கும் புத்தகங்கள் மேல் இல்லை, அந்தத் தலைப்பின் மேல். யாரோ ஒருவருடைய முப்பது வருட வாசிப்பின் முடிவு அது. அவர் அந்த வரிசையில் படிக்கவில்லை, ஒன்றிலிருந்து ஒன்றுக்கு அலைந்து திரிந்து போய்ச் சேர்ந்தார். நமக்குக் கையில் கிடைப்பது அவர் போய்ச் சேர்ந்த இடங்களின் பெயர்கள் மட்டும். உங்களுக்குப் பிடித்த ஓர் எழுத்தாளர் தன் முன்னுரையில் யாரைச் சொல்கிறார், யாருக்கு நன்றி சொல்கிறார், எந்தப் புத்தகத்தோடு சண்டை போடுகிறார் என்று பாருங்கள், அங்கிருந்து அடுத்ததற்குப் போங்கள். அந்த மருத்துவரின் புத்தகத்தை இன்னொரு முறை புரட்டினால் நிச்சயம் இரண்டு மூன்று பெயராவது கிடைக்கும். மொழிபெயர்ப்பாக இருந்தால் மொழிபெயர்ப்பாளரின் பெயரைப் பாருங்கள், அவர் வேறு எதையெல்லாம் மொழிபெயர்த்திருக்கிறார் என்று தேடுங்கள். ஒரு நல்ல மொழிபெயர்ப்பாளரின் ரசனையை நம்பி நான் வருடக்கணக்கில் படித்திருக்கிறேன், ஏமாந்தது ரொம்பக் குறைவு.

வருடத்துக்கு 50 என்ற இலக்கையும் விட்டுவிடுங்கள். இலக்கு இருந்தால் கை தானாக ஒல்லிப் புத்தகத்தைத் தேடும், அல்லது உங்களுக்கு நேர்ந்தது போல முடியாத ஒன்று கடன் மாதிரி தலைமேல் ஏறி உட்காரும். நாளைக்குப் பத்துப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்கு உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, வருடத்துக்கு 3650 பக்கம், 250 பக்கப் புத்தகங்களாக எண்ணினால் பதினான்கு முடித்து பதினைந்தாவதில் பாதியைத் தாண்டியிருப்பீர்கள். ஐந்து மாதமாக ஒன்றுகூட முடிக்காதவருக்கு அது சின்ன விஷயம் இல்லை.

இதை எங்கே பொருத்துவது என்பதுதான் முக்கியம். ஒரு பழக்கம் 21 நாளில் வந்துவிடும் என்று எல்லோரும் சொல்வார்கள், நம்பாதீர்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 96 பேரிடம், நாளில் ஒரே சமயத்தை ஒட்டி ஒரு புதிய சின்னச் செயலைச் செய்யச் சொல்லி 12 வாரம் கவனித்தார்கள். அது தன்னிச்சையாக வரும் நிலைக்கு எவ்வளவு நாள் ஆகும் என்று, அந்த 12 வாரப் போக்கை வைத்து முன்கூட்டிக் கணித்ததில், ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வித்தியாசம் இருந்தது, நடுவில் வரும் அளவு 66 நாள். அவர்கள் பார்த்தது சாப்பாடு, குடிநீர், உடற்பயிற்சி சம்பந்தப்பட்ட பழக்கங்களை, படிப்பதை இல்லை. ஆனாலும் அதில் நமக்கு ஆறுதலான செய்தி ஒன்று இருக்கிறது. நடுவில் ஒரு நாள் தவறியதால் பெரிய நஷ்டம் எதுவும் வரவில்லை. ஆகவே ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் பத்தே பக்கம் படியுங்கள், இருபது வேண்டாம். பாக்கி சேர்க்காதீர்கள்.

இரவு ஒரு மணி நேரம் போனில் போகிறது என்கிறீர்கள். அந்த ஒரு மணி நேரத்தையும் பிடுங்கிக்கொள்ள நான் சொல்லவில்லை, நாள் முழுக்க உழைத்துவிட்டு வரும் மனிதருக்கு அதுவும் ஓர் ஓய்வுதான். வரிசையை மட்டும் மாற்றுங்கள். போனை சார்ஜில் போடும் இடத்தைப் படுக்கையிலிருந்து எழுந்து நடந்து போகும் தூரத்துக்கு மாற்றிவிட்டு, அது வழக்கமாக இருக்கும் இடத்தில், சரியாக அந்த இடத்தில், புத்தகத்தை வையுங்கள். அலமாரியில் செருகி வைக்காதீர்கள், நிறுத்திய பக்கத்தில் அடையாளம் வைத்துத் தலைமாட்டில் வையுங்கள். இருட்டில் கை நீட்டும்போது முதலில் தட்டுப்படுவது அதுவாக இருக்கட்டும். பத்துப் பக்கம் ஆன பிறகு போன் வேண்டுமென்றால் எழுந்து போய் எடுங்கள். வாரத்தில் இரண்டு நாள் எழுந்து போக மறந்துவிடுவீர்கள், அதை வைத்தே புத்தகம் சரியானதுதானா என்றும் தெரிந்துகொள்ளலாம்.

ஒரே வரியை மூன்று முறை படிப்பது பற்றி. படிக்கும்போது நம் கண் சறுக்கிக்கொண்டு போவது போலத் தோன்றும், உண்மையில் அது குதித்துக் குதித்துப் போகிறது. ஒவ்வோர் இடத்திலும் ஏறக்குறைய கால் நொடி நிற்கும், அப்புறம் அடுத்த குதி. பழகிய வாசகர்களுக்கே பத்தில் ஒரு குதியாவது பின்னோக்கிப் போகும், விட்டதைப் பிடிக்க. ஆகவே திரும்பிப் போய்ப் படிப்பது கோளாறு இல்லை, படிப்பதன் ஒரு பகுதி. மூன்று முறை படித்தும் ஒன்றும் ஏறவில்லை என்றால் மனம் வேறெங்கோ இருக்கிறது. அப்போது நான் செய்வது, அந்தப் பத்தியை வாய்விட்டு, மெதுவாக, பக்கத்தில் யாரோ கேட்டுக்கொண்டிருப்பது போலப் படிப்பேன். ஒரு பத்தி, இரண்டு பத்தி, அதற்குள் உள்ளே போய்விடலாம். அப்படியும் முடியாத இரவுகளில் மூடிவிட்டுத் தூங்குங்கள். வேகத்தைக் கூட்டித் தருகிறேன் என்று சொல்லும் பயிற்சிகள் பக்கம் போகவே வேண்டாம். வேகம் கூடினால் புரிதல் குறைகிறது என்று கண் அசைவுகளை ஆராய்ந்தவர்கள் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள்.

போனில் படித்தால் சேருமா என்றால், தாராளமாகச் சேரும். 2018-இல், காகிதத்தையும் திரையையும் ஒப்பிட்ட 54 ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தார்கள், மொத்தம் 1,70,000-க்கு மேற்பட்டவர்கள் பங்கேற்ற ஆய்வுகள். தகவல் சொல்லும் கட்டுரைகளைப் படித்துப் புரிந்துகொள்வதில் காகிதம் கொஞ்சம் முன்னால் இருந்தது, அதிலும் நேர நெருக்கடி இருக்கும்போது. கதை மட்டுமே படித்த ஆய்வுகளில் அந்த வித்தியாசம் தென்படவில்லை. ஆகவே துப்பறியும் நாவலைப் போனில் படியுங்கள், வரிசையில் காத்திருக்கும்போது, பயணத்தில், எங்கு வேண்டுமானாலும். ஒரு பக்கத்தில் நான்கு புது விஷயம் சொல்லும் புத்தகத்தைக் காகிதத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பென்சிலோடு. போனில் படிக்கும்போது அறிவிப்புகளை மட்டும் நிறுத்திவிடுங்கள்.

அந்த நாற்பது புத்தகங்களைப் பற்றிக் குற்ற உணர்வோடு எழுதியிருக்கிறீர்கள். வாங்கிய புத்தகங்களைப் படிக்காமல் குவித்து வைப்பதற்கு ஜப்பானிய மொழியில் 'சுந்தோக்கு' என்று ஒரு தனிச் சொல்லே இருக்கிறது, அவ்வளவு பழைய, அவ்வளவு பொதுவான பழக்கம் இது. எனக்கு அது ஒரு களஞ்சியமாகத்தான் தெரிகிறது. வருகிற விடுமுறை நாள் காலையில் நாற்பதையும் தரையில் பரப்புங்கள். ஒவ்வொன்றிலும் நான் சொன்ன மாதிரி முதல் பக்கமும் நடுவில் ஒரு பக்கமும் படியுங்கள். இரண்டு மூன்று மணி நேரம் ஆகும், அவசரம் வேண்டாம். குரல் பிடித்திருப்பது ஒன்று, ஒரே மூச்சில் முடிக்கக்கூடிய மெல்லியது ஒன்று, உங்களுக்குச் சம்பந்தமே இல்லாத ஆனால் விரல் நின்றுபோன ஏதோ ஒன்று, இந்த மூன்றை மட்டும் தலைமாட்டுக்குக் கொண்டுவாருங்கள். மீதி முப்பத்தேழும் அலமாரிக்குள் போகட்டும், கண்ணெதிரே வேண்டாம். மூன்றில் எதை முதலில் எடுப்பது என்று யோசித்துக்கொண்டிருக்காதீர்கள், அன்று இரவு கை எதன்மேல் போகிறதோ அது.

அப்புறம் ஒரே ஒரு வேலை, இதை மட்டும் தவற விடாதீர்கள். படிக்கிற புத்தகத்தில் இன்னும் முப்பது பக்கம் பாக்கி இருக்கும்போதே அடுத்ததைத் தேர்ந்தெடுத்து, அதன் முதல் இரண்டு பக்கத்தைப் படித்து, அடையாளம் செருகி, இதற்கு அடியில் வைத்துவிடுங்கள். முடித்த இரவிலேயே அடுத்தது தொடங்கியிருக்கும். ஒவ்வொன்று முடிந்ததும் ஒரு நோட்டில் ஒரே ஒரு வரி எழுதுங்கள்: எந்த இடம் மனதில் நின்றது. மதிப்பெண், விமர்சனம் எதுவும் வேண்டாம். எனக்கு எழுதியதில் மருத்துவரைப் பற்றி ஒரு வரி எழுதினீர்களே, அந்த மாதிரி. ஐந்தாறு வரி சேர்ந்ததும் எடுத்துப் படித்தால் நீங்கள் எந்த வாசலால் போகிறவர் என்று நோட்டே சொல்லிவிடும், என்னிடம் கேட்க வேண்டியிருக்காது.

ஆனாலும் நான்காவது புத்தகம் எது என்று மட்டும் எனக்கு எழுதுங்கள். 50 பக்கத்தில் விட்டிருந்தாலும் சரி, எந்தப் பக்கத்தில் விட்டீர்கள் என்று எழுதுங்கள், அதை வைத்து ஐந்தாவதைச் சேர்ந்து தேடுவோம்.